கையில் இருந்ததே குற்றமா?

மதுரையிலே கோவலன் வெட்டுண்டதற்குக் காரணம் என்ன என்று நம் பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டால், பொற்கொல்லன் பொய் சொன்னான் என்பார்கள். அது பாதி விடைதான். பொய் சொல்லுகிறவன் உலகத்தில் என்றைக்கும் இருந்துகொண்டே இருப்பான். அவனுடைய பொய்யை ஓர் உயிருக்கு விலையாக்கியது அரசன் வாயிலிருந்து புறப்பட்ட ஆணை. சிலம்பு அவன் கையில் இருக்குமாயின் அவனைக் கொன்று அதைக் கொண்டுவருக என்பதே அவ்வாணையின் சாரம். அது யாருடைய சிலம்பு, எப்படி அவன் கைக்கு வந்தது, எதற்காக அதனை விற்க வந்தான் என்ற கேள்விகளுக்கு அதிலே இடமில்லை. கையில் இருக்கிறதா என்ற ஒரே கேள்வி, இருக்கிறது என்ற ஒரே விடை, அப்புறம் வாள். இவனைப் பார்த்தால் கள்வனாகத் தோன்றவில்லையே என்று காவலர் தயங்கினார்கள் என்பதையும் இளங்கோவடிகள் மறவாமல் எழுதி வைத்திருக்கிறார். தயங்கினவர் பேச்சு எடுபடவில்லை. தயங்காத ஒருவன் கையில் வாள் இருந்தது.

இக்கதையை நம் பண்டிதர்கள் மேடைதோறும் பேசுகிறார்கள். கண்ணகியைப் புகழ்ந்து, பாண்டியனுடைய செங்கோல் வளைந்ததை எண்ணிக் கண்ணீர் விட்டு, மாலை மரியாதை பெற்றுக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். ஆனால் அதே ஆணை, ஏறக்குறைய அதே சொற்களில், நாம் வாழும் நாட்டின் சட்டப் புத்தகத்திலே ஏறியிருந்தது. அது தமிழன் கழுத்தையும் இறுக்கியது. அதன் எச்சம் இன்னும் அழியவில்லை என்று ஒரு வார்த்தை பேசினவர் அவர்களில் எத்தனை பேர்? பாண்டியனைக் குறைகூறுவதில் ஆபத்தில்லை. அவன் செத்துப் பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. துப்பாக்கியை வாங்குவதையும் கைமாற்றுவதையும் வைத்திருப்பதையும் பற்றி மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள சட்டங்களைக் குறித்து இங்கே பேசப்போகிறோம்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறோம். துப்பாக்கி தாராளமாக நடமாட வேண்டும் என்பது நமது கட்சியன்று. மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, லைசென்ஸ் இன்றி ஒருவன் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. லைசென்ஸ் வழங்கும் அதிகாரம் அந்தந்த மாநிலப் போலீஸ் தலைவரிடம் இருக்கிறது. விற்கிறவனும் லைசென்ஸ் பெற்ற வியாபாரியாக இருக்க வேண்டும். வாங்குகிறவனும் லைசென்ஸைக் காட்டித்தான் வாங்க வேண்டும். காட்டுப்பன்றி வந்து பயிரை அழிக்கிறது என்று வேட்டைத் துப்பாக்கி கேட்கிற குடியானவன்கூடப் போலீஸ் நிலையத்துக்கு நடையாய் நடந்து, எதற்கு வேண்டும், எத்தனைத் தோட்டா வேண்டும் என்று கணக்குச் சொல்லித்தான் பெறுகிறான். விதியை மீறினால் ஏழாண்டு வரை சிறை, அல்லது 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். இதை நாம் குறைகூறவில்லை. இன்னும் கண்டிப்பாக நடத்துங்கள் என்றே சொல்லுவோம். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு பெயர், ஒவ்வொரு தோட்டாவுக்கும் ஒரு கணக்கு இருக்கட்டும். நமது வழக்கு இச்சட்டத்தின்மேல் இல்லை. இதன் தலைமேல் அடுக்கிய சட்டங்களின்மேல்தான்.

அந்த அடுக்கின் வரலாறு 1948இல் தொடங்குகிறது. அவ்வாண்டு ஜூன் 16ஆம் தேதி பேராக்கில் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டொரு நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம் பிரகடனமாயிற்று. தொடர்ந்து வந்த அவசரகால விதிகளின்படி, அதிகாரமின்றித் துப்பாக்கி ஏந்தினவனுக்குத் தண்டனை ஒன்றே ஒன்று: மரணம். சுட்டானா, சுட நினைத்தானா, பயந்து வைத்திருந்தானா, பிறர் பயமுறுத்தி வைத்துக்கொள்ளச் சொன்னார்களா என்பனவெல்லாம் தண்டனையை எள்ளளவும் மாற்றா. நீதிபதி அனுபவமும் கருணையும் உடையவராயிருந்தாலும் அவற்றைக் கோர்ட்டு வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும்.

அந்த நாட்களில் துப்பாக்கி யாரிடம் சட்டப்படி இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். துரையின் இடுப்பிலே ரிவால்வர் தொங்கிற்று. பங்களாவைச் சுற்றி முள்வேலியும் விசேஷப் போலீஸும் நின்றன. லயத்திலோ, இரவில் காட்டிலிருந்து வந்தவன் துப்பாக்கியைக் காட்டி அரிசி கேட்டான். பகலில் போலீஸ்காரன் துப்பாக்கியைக் காட்டி, அரிசி கொடுத்தாயா என்று கேட்டான். இரண்டு துப்பாக்கிகளுக்கும் நடுவிலே பால்வெட்டும் கத்தியோடு நின்றவன் நம்மவன். இந்த ஏற்பாடு மலாயாவில் முளைத்ததன்று. இந்தியாவிலே வெள்ளைக்காரச் சர்க்கார் 1878இல் செய்த ஆயுதச் சட்டத்தின் கீழ், இந்தியன் லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் தொடக்கூடாது, ஐரோப்பியனுக்கோ விதிவிலக்கு. ஆளுக்கொரு நீதி என்ற அந்தப் பழக்கம் கடல் கடந்து இங்கே வந்து சேர நாளாகவில்லை.

எஸ். ஏ. கணபதியை நம்மில் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இளைஞர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அவர் அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராயிருந்தவர். அச்சம்மேளனத்தின் பதிவு 1948 ஜூனில் இரத்தாயிற்று. 1949 மார்ச் 1ஆம் தேதி ராவாங்கிற்கு அருகில் வாட்டர்ஃபால் தோட்டத்தில் அவர் பிடிபட்டபோது ஒரு ரிவால்வரும் ஆறு தோட்டாக்களும் இருந்தன என்பது வழக்கு. மார்ச் 15ஆம் தேதி மரண தண்டனை விதித்தார்கள். இந்தியச் சர்க்கார் குறுக்கிட்டுக் கேட்டுக்கொண்டது; பயனில்லை. மே 4ஆம் தேதி கோலாலம்பூர்ப் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். பிடித்த நாளிலிருந்து தூக்கிய நாள் வரைக்கும் 64 நாள். ஒரு ரப்பர் கன்று பால்வெட்டுக்கு வர ஆறேழு ஆண்டு பொறுத்திருக்கத் தெரிந்த இராஜ்யத்துக்கு, ஒரு மனிதனின் உயிரைப் பற்றித் தீர்மானிக்க 64 நாள் போதுமாயிருந்தது.

அவருடைய அரசியலை ஏற்றுக்கொள்ளுகிறவர்களும் இருப்பார்கள், வெறுக்கிறவர்களும் இருப்பார்கள். அது இங்கே விஷயமன்று. அவர் யாரையேனும் சுட்டார் என்பதற்காகத் தூக்கவில்லை. கொள்ளையடித்தார் என்பதற்காகத் தூக்கவில்லை. கையில் ஓர் இரும்புத் துண்டு இருந்தது என்பதற்காகத் தூக்கினார்கள். தொழிற்சங்கத் தலைவர் ஒருவரை அரசியல் காரணத்துக்காகக் கொன்றார்கள் என்று சொல்லுகிறவர்களுக்குச் சர்க்கார் ஆட்கள் சொன்ன சமாதானமும் அதுதான்: நாங்கள் ஆளைப் பார்க்கவில்லை, துப்பாக்கியைத்தான் பார்த்தோம் என்றார்கள். நமது குற்றச்சாட்டும் அதுவேதான். ஆளை ஏன் பார்க்கவில்லை?

அதே காலத்தில் ஜோகூரில் இன்னொரு தமிழரின் வழக்கு நடந்தது. சட்டம் படிக்கிறவர்கள் இன்றும் பல நாடுகளில் சாம்பசிவம் வழக்கு என்று அதைப் படிக்கிறார்கள்; இங்கேயுள்ள தமிழர்களில் அதை அறிந்தவர் சிலரே. அவர்மேல் இரண்டு குற்றச்சாட்டுகள்: ரிவால்வர் ஏந்தியது ஒன்று, தோட்டா வைத்திருந்தது மற்றொன்று. முதல் விசாரணையில் தோட்டாக் குற்றத்திலிருந்து விடுதலையானார். ரிவால்வர்க் குற்றத்தைப் பற்றி நீதிபதி அசெஸ்ஸர்களோடு உடன்படாமல் மறு விசாரணைக்கு உத்தரவிட்டார். மறு விசாரணையில், ரிவால்வரையும் தோட்டாவையும் சேர்த்தே ஒப்புக்கொண்டதாகக் கூறும் ஒரு வாக்குமூலத்தைப் புதிய அசெஸ்ஸர்களின் முன் வைத்தார்கள். தோட்டா விஷயத்தில் இவர் முன்னமே விடுதலையானவர் என்பதை அவர்களுக்குச் சொல்லவில்லை. மரண தண்டனை விழுந்தது. வழக்கு லண்டனில் பிரிவி கவுன்சில் வரைக்கும் போயிற்று. விடுதலை என்று கோர்ட்டு ஒரு முறை சொன்னால் அது சர்க்காரையும் கட்டுப்படுத்தும். விடுதலையான விஷயத்தைப் பின்வாசல் வழியாக மறுபடி கொண்டுவரக் கூடாது என்று 1950இல் தீர்ப்பளித்து, அத்தண்டனையைத் தள்ளினார்கள்.

கணபதி மாண்டார், சாம்பசிவம் பிழைத்தார். இருவர்மேலும் பாய்ந்தது ஒரே விதி. ஒருவரைப் பிழைக்க வைத்தது அந்த விதியிலிருந்த நியாயமா? இல்லை. விசாரணையில் விழுந்த ஓர் ஓட்டை, அதைக் கண்டுபிடிக்க வக்கீல், வக்கீலுக்குப் பணம், கடல் கடந்து போக அவகாசம். ஓட்டையில்லாமல் விசாரித்திருந்தால் அவரும் புடு சிறைக்கோ வேறொரு சிறைக்கோ போயிருப்பார். 1952இல் ஈப்போவில் கைக்குண்டு வைத்திருந்ததாக லீ மெங் என்ற சீனப் பெண்ணுக்கு இரண்டாம் விசாரணையில் மரண தண்டனை விதித்தார்கள். உலகமெங்கும் அது பேச்சாகி, மறு ஆண்டு பேராக் சுல்தான் தண்டனையைக் குறைத்தார். பேச்சாகாத வழக்குகள் எத்தனை? அவசரகாலத்தில் தூக்கிலிடப்பட்டோர் இருநூறுக்கு மேற்பட்டவர்கள். அவர்களில் பெரும்பாலோர் பெயரை நாம் கேட்டதில்லை.

அவசரகாலம் 1960 ஜூலை 31ஆம் தேதி முடிந்தது. விதி முடிந்ததா? அதுதான் இல்லை. அதே ஆண்டு வந்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, பாதுகாப்புப் பிரதேசம் என்று அறிவிக்கப்பட்ட இடத்தில் அதிகாரமின்றித் துப்பாக்கி வைத்திருப்பவனுக்கு மரணம் என்று பழைய ஆணையையே புதுத் தாளில் எழுதிக்கொண்டது. 1969இல் நாடு முழுவதுமே பாதுகாப்புப் பிரதேசமாயிற்று. 1971இல் துப்பாக்கிக் குற்றங்களுக்குத் தண்டனையை அதிகமாக்கும் தனிச் சட்டம் ஒன்று வந்தது. அதன்படி சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால் பதினான்கு ஆண்டு வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும்.

இங்கே வாசகர்கள் சற்று நிதானித்துக் கணக்குப் போட வேண்டும். செய்கை ஒன்று: லைசென்ஸ் இல்லாத ஒரு துப்பாக்கி. அதற்குச் சட்டம் மூன்று. ஒன்றின்படி அபராதத்தோடு வீட்டுக்குப் போகலாம். இன்னொன்றின்படி பதினான்கு ஆண்டும் பிரம்படியும். மூன்றாவதன்படி கயிறு. எந்தச் சட்டத்தின் கீழ்க் குற்றஞ்சாட்டுவது என்று தீர்மானிப்பவர் யார்? நீதிபதியல்லர், வழக்குத் தொடுக்கும் சர்க்கார் வக்கீல். பினாங்கில் ஒரு ரிவால்வரும் ஐந்து தோட்டாக்களும் வைத்திருந்தார் என்று ஒருவருக்கு விதித்த மரண தண்டனை 1978இல் பிரிவி கவுன்சிலுக்குப் போனபோது, இது சமத்துவத்துக்கு விரோதமன்றோ என்று வாதாடினார்கள். எந்தச் சட்டத்தைப் பயன்படுத்துவது என்பது வழக்குத் தொடுப்பவரின் விருப்பம் என்று பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது. ஆனால் வேறொரு காரணத்துக்காக, அவ்வழக்கை விசாரித்த விசேஷ விதிகள் செல்லாதவை என்றது. உடனே மறு ஆண்டே பாராளுமன்றம் ஒரு சட்டம் செய்து அவற்றைச் செல்லுபடியாக்கிக்கொண்டது! தண்டனை நீதிபதியின் வாயிலிருந்து வருவது போலத் தோன்றுகிறது. உண்மையில் அது குற்றப்பத்திரம் எழுதும் அறையிலேயே, விசாரணைக்கு முன்னமே, யாரும் கேள்வி கேட்க முடியாத இடத்தில் முடிவாகிவிடுகிறது.

இதே விசேஷ விதிகளின் கீழ்த்தான் 1977இல் பினாங்கில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்குக் கைத்துப்பாக்கி வைத்திருந்தான் என்று மரண தண்டனை விதித்தார்கள். சிறுவர்களுக்கென்று தனிச் சட்டம் இருந்தது. இவ்விதிகள் அதை விலக்கி வைத்துவிட்டன. ஊர் உலகம் கூச்சலிட்ட பிறகு தண்டனை மாற்றப்பட்டது. நீதிபதியை நாம் ஏசவில்லை. அவர் கையைக் கட்டிவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். மீசை முளைக்காத பிள்ளையைப் பார்த்த பிறகும், சட்டத்துக்குக் கண்ணுக்குத் தெரிந்தது துப்பாக்கி மட்டுமே.

இதெல்லாம் பழங்கதை, 1969ஆம் ஆண்டுப் பிரகடனங்கள் 2011இல் நீக்கப்பட்டன, உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமும் 2012இல் ஒழிந்தது, இனி என்ன கவலை என்று சிலர் கேட்கலாம். 2023இல் மலேசியப் பாராளுமன்றம் கட்டாய மரண தண்டனையையும் ஒழித்தது. அவ்வாண்டு ஜூலை 4ஆம் தேதி அது அமலுக்கு வந்தது. இது நல்ல காரியம். செய்தவர்களை வாயாரப் பாராட்டுகிறோம். ஆயினும் கயிறு போயிற்றே தவிர, அனுமானம் போகவில்லை.

அனுமானம் என்பது என்ன? சர்க்கார் மெய்ப்பிக்க வேண்டியதைச் சட்டமே மெய்யென்று வைத்துக்கொண்டு, இல்லையென்று மெய்ப்பி பார்க்கலாம் என்று பிடிபட்டவனைப் பார்த்துச் சொல்லுவது. 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி, இரண்டுக்கு மேற்பட்ட துப்பாக்கி ஒருவனிடம் இருந்தால் அவன் ஆயுத வியாபாரி என்றே கொள்ளப்படும். சிங்கப்பூரின் 1973ஆம் ஆண்டு ஆயுதக் குற்றச் சட்டத்திலும் இதே கணக்கு. தோட்டம் துண்டாடப்பட்டுப் பட்டணத்து அடுக்குமாடிக்குக் குடிவந்த ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். தகப்பன் லாரி ஓட்டப் போகிறான். தாய் தொழிற்சாலையில் இராவேலை. பதினெட்டு வயதுப் பையனிடம் தெரிந்தவன் ஒருவன் வந்து, “டேய் தம்பி, இந்தப் பையைக் கொஞ்சம் வெச்சிரு, ரெண்டு நாள்ல வந்து எடுத்துக்கிறேன்” என்கிறான். பையனுக்கு உள்ளே இருப்பது தெரியும். தெரிந்தும் மறுக்கத் துணிவில்லை, ஏனென்றால் கேட்டவன் அந்த வட்டாரத்து அண்ணன். பையிலே இரண்டு இருந்தால் அவன் வைத்திருந்தவன். மூன்று இருந்தால் அவன் வியாபாரி! விற்கிறவன் யார், வாங்குகிறவன் யார் என்று அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்பதை அவன்தான் மெய்ப்பிக்க வேண்டும். ஒன்றைத் தெரியாது என்று எப்படி மெய்ப்பிப்பது? சட்டம் எழுதினவர்கள் தங்கள் பிள்ளைகளை அந்தக் கூண்டில் நிறுத்திப் பார்த்துச் சொல்லட்டும்.

இன்னொரு அனுமானமும் உண்டு. கொள்ளைக்குப் போன இடத்தில் ஒருவன் சுட்டால், உடனிருந்தவனுக்கும் சுட்டவனுக்குரிய தண்டனை. சுடுவதைத் தடுக்கத் தன்னாலானதையெல்லாம் செய்தேன் என்று அவனே நிரூபித்தால்தான் தப்பலாம். கொள்ளைக்குப் போனவனுக்குத் தண்டனை வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. கொள்ளைக்குரிய தண்டனையைக் கொடுங்கள். சுட்டவன் பாவத்தைச் சுடாதவன் தலையில் கட்டுவதற்கு, அவனும் அதற்கு உடந்தை என்று சர்க்கார் சாட்சி வைத்து மெய்ப்பிக்கட்டும் என்றுதான் கேட்கிறோம்.

சிங்கப்பூரில் நிலைமை இதனினும் கடுமை. லைசென்ஸ் இன்றி வைத்திருந்தால் ஐந்து முதல் பத்தாண்டு வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும். சுட்டால் கட்டாய மரணம், தோட்டா யார்மேலும் படாவிட்டாலும். காயப்படுத்தும் எண்ணத்தோடுதான் சுட்டான் என்பதும் அங்கே ஓர் அனுமானமே. போதைப்பொருள், கொலை ஆகிய வழக்குகளில் சிலவற்றுக்கு 2012இல் செய்த திருத்தத்தால் நீதிபதிக்குச் சிறிது இடம் கிடைத்தது. துப்பாக்கிக்கு மட்டும் அந்த இடம் இல்லை. தயங்கிச் சொல்ல ஜூரிகளும் இல்லை. அங்கே 1970 முதல் ஜூரி முறை கிடையாது, மலேசியாவில் 1995இல் எடுத்துவிட்டார்கள். மதுரைக் காவலருக்காவது தயங்குவதற்கு வாயிருந்தது.

கயிறு ஒன்றுதான் இந்நாடுகளில் துப்பாக்கிச் சத்தம் கேளாமல் காக்கிறது என்பது இச்சட்டங்களை ஆதரிப்போரின் பெரிய வாதம். அமெரிக்காவைப் பாருங்கள் என்று பயமுறுத்துகிறார்கள். சரி, அமெரிக்காவையே பார்ப்போம். அங்கே ஐம்பது மாநிலம். ஐம்பது விதமான துப்பாக்கிச் சட்டம். லைசென்ஸ் பெற்ற வியாபாரி விற்பதானால் வாங்குகிறவனின் பூர்வோத்தரத்தை விசாரிக்க வேண்டுமென்பது 1993ஆம் ஆண்டு பிரேடிச் சட்டம். ஆனால் வியாபாரியல்லாத ஒருவன் தன் துப்பாக்கியை இன்னொருவனுக்கு விற்றால் மத்தியச் சட்டப்படி அந்த விசாரணை வேண்டாம். சில மாநிலங்கள் வேண்டும் என்கின்றன, பல மாநிலங்கள் பேசாதிருக்கின்றன. இல்லினாய் மாநிலத்தில் துப்பாக்கி வைத்திருக்க அனுமதி அட்டை வேண்டும். பக்கத்து இண்டியானாவில் அப்படியொன்று கிடையாது. சிக்காகோ நகரம் அந்த எல்லையிலேயே இருக்கிறது. தளர்ந்த மாநிலத்தில் வாங்கிய துப்பாக்கி கண்டிப்பான மாநிலத்துக்குக் காரிலே போய்ச் சேருகிறது. வேலியின் ஒரு பக்கத்தை மட்டும் அடைத்தால் ஆடு மறுபக்கம் வழியாக வராதா? ஆண்டொன்றுக்கு நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டோர், தற்கொலை செய்துகொண்டவர்களையும் சேர்த்து, அங்கே துப்பாக்கியால் சாகிறார்கள்.

அந்த அமெரிக்காவில் மரண தண்டனை இல்லையா? இருக்கிறது! டெக்ஸாஸ் மாநிலத்தில் 1982 முதல் ஐந்நூறுக்கு மேற்பட்டோருக்கு மரண தண்டனையை நிறைவேற்றியிருக்கிறார்கள். அதே டெக்ஸாஸில் 2021 முதல் கைத்துப்பாக்கியை அனுமதிச் சீட்டு இல்லாமலே இடுப்பில் செருகிக்கொண்டு வீதியில் நடக்கலாம். கொலைக்களமும் உண்டு, கடைவீதியெல்லாம் துப்பாக்கியும் உண்டு. ஆகவே அமெரிக்காவைக் காட்டி நிரூபிக்கக்கூடியது ஒன்றுதான்: விற்பனையையும் கைமாறுதலையும் கட்டுப்படுத்தாவிட்டால், கழுவேற்றினாலும் துப்பாக்கி ஒழியாது.

மறுபுறம் ஆஸ்திரேலியாவைப் பார்க்கலாம். அங்கும் துப்பாக்கி மாநிலங்களின் அதிகாரந்தான். 1996 ஏப்ரலில் டாஸ்மேனியாவின் போர்ட் ஆர்தரில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். இரண்டு வாரத்துக்குள் எல்லா மாநிலங்களும் கூடி ஒரே விதமான விதிகளுக்கு இணங்கின: தக்க காரணம் சொல்லாதவனுக்கு லைசென்ஸ் இல்லை, எல்லாத் துப்பாக்கிக்கும் பதிவு, ஒவ்வொரு வாங்குதலுக்கும் தனி அனுமதி. சர்க்கார் விலை கொடுத்து ஏறக்குறைய 650,000 துப்பாக்கிகளை வாங்கி அழித்தது. ஒருவனையும் தூக்கவில்லை; தூக்கு அந்நாட்டை விட்டுப் போய் வெகுகாலமாயிற்று. ஜப்பானிலே 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி வேட்டைத் துப்பாக்கி ஒன்று வாங்க வகுப்பும் பரீட்சையும் போலீஸ் விசாரணையும் உண்டு. கைத்துப்பாக்கி சாமானியனுக்குக் கிடைக்கவே கிடைக்காது. அங்கே துப்பாக்கிக் கொலைகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. 2022இல் முன்னாள் பிரதமர் அபேயைக் கொன்றவன்கூடத் துப்பாக்கியைத் தானே செய்துகொள்ள வேண்டியிருந்தது. ஜப்பானில் கொலைக்கு மரண தண்டனை உண்டு என்பதை மறைக்கவில்லை. ஆனால் துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்கு அங்கே ஒருவன் சாவதில்லை.

தொலைதூரம் ஏன் போக வேண்டும்? நம் மலாயாவிலேயே, வைத்திருந்தால் மரணம் என்ற விதி மிகக் கடுமையாக இருந்த அவசரகாலத்திலே, துப்பாக்கிச் சண்டை பன்னிரண்டு ஆண்டு நடந்தது. கயிற்றுக்குப் பயந்து காட்டிலிருந்தவன் துப்பாக்கியைப் போட்டுவிடவில்லை. பிடிபட்டால் சாவுதான் என்று தெரிந்தவன் பிடிபடாதிருக்கச் சுடவும் துணிவான். இந்த நாடுகளில் துப்பாக்கி அரிதாயிருக்கிறதென்றால் அதற்குரிய புகழ் லைசென்ஸ் புத்தகத்துக்கும், சுங்கச் சாவடியில் கண்விழித்திருப்பவனுக்கும் சேர வேண்டியது. அதைத் தூக்குக் கயிறு திருடிக்கொள்ளுகிறது.

இனி நம்மவர்களோடும் ஒரு வார்த்தை. 2013இல் சுடுதல் சம்பவங்கள் மிகுந்தபோது மலேசிய உள்துறை அமைச்சு 49 கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. அவற்றின் உறுப்பினர் நாற்பதாயிரம் பேர் என்றும், அவர்களில் பத்துக்கு ஏழு பேர் இந்தியர் என்றும் சொன்னது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு நம் சங்கத் தலைவர்கள் செய்ததென்ன? சிலர் வெட்கப்பட்டார்கள், சிலர் கணக்குத் தப்பு என்றார்கள், பெரும்பாலோர், இவன்களையெல்லாம் தூக்கில் போட வேண்டும் என்று காப்பிக்கடையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார்கள். தோட்டத்தை விற்றபோது இந்தப் பையன்களின் தகப்பன்மாருக்கு என்ன கிடைத்தது, பள்ளியை விட்டு நின்றபோது யார் தேடிப் போனார்கள் என்று கேட்க அவர்களுக்கு நேரமில்லை. சினிமாவிலே கதாநாயகன் இரண்டு கையிலும் துப்பாக்கி பிடித்தால் விசிலடிக்கிறோம். நம் வீட்டுப் பையன் ஒன்றைத் தொட்டுவிட்டால், அவன் எங்கள் சாதிசனமே இல்லை என்று கதவைச் சாத்துகிறோம்.

பெற்றோர்களுக்குத் தெரிய வேண்டியதைப் பச்சையாகவே சொல்லுகிறோம். பிறர் கொடுத்த துப்பாக்கியை ஒரு நாள் வைத்திருப்பதும் வைத்திருத்தலே. தோட்டா ஒன்று மட்டும் இருந்தாலும் அதுவும் குற்றமே. தோழனுக்காக வைத்தேன் என்பது விடையாகாது. இதை ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியிலும், கோயில் திருவிழாக் கூட்டத்திலும், தொழிற்சங்கக் கூட்டத்திலும் எடுத்துச் சொல்ல வேண்டும். சட்டம் மாறும் வரைக்கும் பிள்ளைகள் உயிரோடும் முதுகுத்தோலோடும் இருக்க வேண்டுமல்லவா?

சட்டத்தை மாற்ற வேண்டியவர்களோ வேறிடத்தில் இருக்கிறார்கள். நம் வாக்குகளைப் பெற்றுக்கொண்டு கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் பாராளுமன்றத்தில் அமர்ந்திருக்கும் தமிழ் உறுப்பினர்களைக் கேட்கிறோம். ஒரே செய்கைக்கு இரண்டு சட்டம் இருக்கையில் எதைப் பயன்படுத்துவது என்பதற்கு எழுதிவைத்த விதி உண்டா? உண்டானால் அதை ஜனங்கள் பார்க்கலாமா? மூன்றாவது துப்பாக்கி ஒருவனை வியாபாரியாக்கும் என்ற அனுமானத்தை எடுத்துவிட்டு, வியாபாரத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பைச் சர்க்கார் ஏற்பதில் என்ன நஷ்டம்? தோட்டா யார்மேலும் படாத வழக்கில்கூட நீதிபதி ஆளைப் பார்த்து, வயதைப் பார்த்து, நடந்ததைப் பார்த்துத் தண்டிக்கலாம் என்று சிங்கப்பூர்ச் சட்டத்தில் ஒரு வரி சேர்க்க என்ன தடை? பையைக் கொடுத்தவனைப் பிடிக்காமல் பையோடு நின்றவனை மட்டும் பிடித்த வழக்குகள் எத்தனை என்று கேட்டு, அந்தக் கணக்கைச் சபையில் வைக்கச் செய்வார்களா? அடுத்த கூட்டத்தொடரில் இக்கேள்விகளில் ஒன்றையாவது எழுப்புகிறவர் யாரோ, அவர் பெயரை இப்பத்திரிகையில் பெரிய எழுத்தில் போடக் காத்திருக்கிறோம்.